உறைந்த ஏரியில் கால் வைக்குமுன்

தை, மாசி மாதங்களில் கனடாவிலிருந்து திருகோணமலைக் கைபேசிகளுக்கு வரும் படங்களில் ஒன்று எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளி, நடுவே கனத்த மேலங்கியும் தொப்பியுமாக நம் வீட்டுப் பிள்ளை. பார்ப்பதற்கு வெறும் திடல். ஆனால் அது ஏரி. பிள்ளையின் காலுக்குக் கீழே சில அங்குல ஐஸ், அதற்கும் கீழே பல மீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர். உப்புவெளியிலோ மூதூரிலோ இருந்து அந்தப் படத்தைப் பார்க்கிற அம்மா கேட்பது, "குளிரேல்லையா தம்பி?" என்றுதான். கேட்க வேண்டியது வேறு: "ஐஸ் எத்தனை அங்குலம்? ஆர் அளந்தது?"

இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எல்லாரும் நிக்கினம் அம்மா, பயமில்லை" என்பதாகத்தான் இருக்கும். மற்றவர்கள் நிற்பது அளவு அல்ல. இந்தக் கட்டுரை முழுவதும் சொல்ல வருவது அதைத்தான்.

நாம் தண்ணீர் தெரிந்த சனம். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில் வளர்ந்தவர்கள். வாடை எழும்பினால் எந்த நாளில் வள்ளம் இறக்கக் கூடாது என்பதைப் பத்து வயதுப் பொடியனும் சொல்வான். அசையாமல் கிடக்கும் நீரின் ஆபத்தும் நமக்குப் புதிதல்ல. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் உறைந்த ஏரியில் இந்த அறிவு கைகொடுக்காது. அங்கே அலை இல்லை, நிறம் மாறுவதைப் பனி மூடியிருக்கும், இரைச்சலும் கேட்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவன் என்ற துணிவு அங்கே ஒரு மேலதிக ஆபத்து.

முதலில் பேரேரிகள் எனப்படும் வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளின் அளவை மனதில் வாங்க வேண்டும். சுப்பீரியர் ஏரி மட்டும் ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையும் 65,610தான். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு ஒரே சீராக உறைவதில்லை. நன்னீர் 4 பாகை செல்சியசில்தான் மிகக் கனமாக இருக்கும். மேற்பரப்பு நீர் அந்த அளவுக்குக் குளிரும்வரை கீழே இறங்கிக்கொண்டும் கீழ்நீர் மேலேறிக்கொண்டும் இருக்கும். முழு ஏரியும் அந்த நிலைக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு 0 பாகைக்குப் போய் உறையத் தொடங்கும். அதனால் சராசரி ஆழம் 19 மீற்றர் மட்டுமே உள்ள ஈரி ஏரி விரைவாக உறைகிறது. சராசரி 86 மீற்றர் ஆழமுள்ள ஒன்ராறியோ ஏரி, அதாவது ரொறன்ரோ நகரம் கரையில் அமர்ந்திருக்கும் ஏரி, பெரும்பாலான குளிர்காலங்களில் கரையோரம் தவிரத் திறந்தே கிடக்கிறது. கரையோரம் உறைந்திருப்பதைப் பார்த்து உள்ளே நடப்பவர் சிறிது தூரத்திலேயே மெல்லிய ஐசின் மேல் நிற்பார். பேரேரிகளின் ஐஸ் எப்போதும் கரையோடு ஒட்டியிருப்பதும் இல்லை. காற்று திரும்பினால் பலகை பலகையாகப் பிரிந்து நகரும்.

2009 பெப்ரவரி 7 அன்று ஈரி ஏரியின் ஒகையோ கரைப்பக்கம் நடந்தது அதுதான். ஐசில் வெடிப்பு ஒன்று தெரிந்தபோது மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. மரத்தட்டுகளைக் குறுக்கே போட்டுப் பாலம் அமைத்து அப்பால் போனார்கள். காற்று மாறியதும் வெடிப்பு அகன்று, 130க்கும் மேற்பட்டோர் மிதக்கும் பனிப்பலகையில் ஏரிக்குள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். ஹெலிகொப்டர்கள் வந்து மீட்டன. ஒருவர் இறந்தார். அவர்கள் அந்தப் பகுதி ஏரியைத் தெரிந்தவர்கள், புதிதாக வந்தவர்கள் அல்லர்.

புதிதாகக் குடியேறியவர்களின் கதைக்கு 2022 டிசம்பரைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் பாலைநிலத்துக்குப் பெயர் போனது. அதன் மலைப்பகுதியிலுள்ள வூட்ஸ் கன்யன் ஏரியில் நத்தாருக்கு மறுநாள் இந்தியாவிலிருந்து குடியேறிய மூன்று பேர் ஐஸ் உடைந்து விழுந்து இறந்தார்கள். அதே மாதம் 11ஆம் திகதி இங்கிலாந்தின் சொலிஹல் பகுதியில், பூங்கா ஒன்றின் சிறிய ஏரியில் நான்கு சிறுவர்கள் இறந்தார்கள். மூத்தவனுக்கு வயது பதினொன்று. இலண்டனிலும் பேர்மிங்காமிலும் உள்ள நம் குடும்பங்களுக்கும் இது பக்கத்துத் தெருச் செய்திதான்.

குளிர் கடுமையாக இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். ஐசைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா சர்மா தலைமையிலான ஆய்வுக்குழு பத்து நாடுகளின் குளிர்கால நீரில் மூழ்கிய மரணங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டது. காற்றின் வெப்பநிலை மறை 5 பாகைக்கும் 0 பாகைக்கும் இடையில் இருக்கும் நாட்களில்தான் மரணங்கள் உச்சத்துக்குப் போகின்றன. வெயில் எறிக்கும், குளிர் தாங்கக்கூடியதாக இருக்கும், பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள், ஐஸ் உள்ளே தளர்ந்திருக்கும். பேரேரிகளின் ஐஸ் ஆண்டுக்காண்டு தாறுமாறாக மாறுகிறது. 1979இல் பரப்பில் 94 சதவீதத்துக்கு மேல் உறைந்தது, 2014இல் 92. இதற்கு மாறாக 2024 குளிர்காலத்தின் உச்சமே 16 சதவீதத்தை ஒட்டித்தான். போன வருடம் நடந்த இடத்தில் இந்த வருடமும் நடக்கலாம் என்ற கணக்கு இனி எடுபடாது.

ஐசை எப்படி வாசிப்பது? கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு: தெளிந்த நீல ஐஸ் குறைந்தது 15 சென்றிமீற்றர் இருந்தால் ஒருவர் தனியே நடக்கலாம், ஸ்கேட் செய்யலாம். கூட்டமாக விளையாட 20, ஸ்னோமொபைல் ஓட்ட 25. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸ் பாணைப் போல உள்ளே காற்று அறைகளோடு இருக்கும், வலு ஏறக்குறையப் பாதிதான், ஆகவே இருமடங்கு தடிப்பு வேண்டும். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, காலே வைக்கக் கூடாது. அளப்பதற்கு ஓகர் என்கிற சுருள் துளைப்பானால் துளையிட்டு, கொக்கியுள்ள அளவுகோலை உள்ளே விட்டு அடிவிளிம்பில் மாட்டிப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் அளந்தால் போதாது. சில அடி தள்ளினாலே தடிப்பு மாறும். ஆறு வந்து விழும் இடம், பாலத்தின் கீழ், நீரோட்டம் உள்ள கால்வாய், பாறையும் நாணலும் தலைநீட்டும் இடம் எல்லாம் மெலிந்தவை. படகுத்துறைகளில் ஐஸ் கட்டாமல் இருக்க நீரடியில் காற்றுக்குமிழி விடுவார்கள், அந்த வட்டாரமும் அப்படியே. மேலே குவிந்த பனி போர்த்தியது போல் சூடு காத்து ஐஸ் வளர்வதைத் தடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பெரிய ஏரிகளைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் குடியிருப்புகளின் நடுவே உள்ள மழைநீர்த் தடாகங்கள். அழகான பூங்காக் குளம் போலத்தான் இருக்கும். தெருவில் தூவிய உப்பும் வடிகால் நீரும் மேற்பரப்பின் கீழே ஓடிக்கொண்டே இருப்பதால் அவற்றின் ஐசை நம்ப முடியாது. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளின் குறுக்குவழி அதன் மேலேதான் போகிறது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒன்று, பத்து, ஒன்று என்ற கணக்கை உலகுக்குக் கற்பித்தார். முதல் ஒரு நிமிடம் குளிர் அதிர்ச்சி. மூச்சு தானாக விம்மி இழுக்கும். அப்போது தலை நீருக்குள் போனால் அதோடு முடிந்தது. அந்த நிமிடத்தில் நீந்த முயலாமல் ஐஸ் விளிம்பைப் பிடித்துத் தலையை மேலே வைத்து மூச்சை அடக்குவது ஒன்றே வேலை. அடுத்த பத்து நிமிடங்கள் கை கால் சொற்கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்களோ அந்தப் பக்கமே திரும்ப வேண்டும், இதுவரை உங்களைத் தாங்கிய ஐஸ் அதுதான். இரண்டு முழங்கைகளையும் மேலே போட்டு, கால்களைப் பின்னால் கிடையாக உயர்த்தி, வேகமாக உதைத்து வயிறு வழுக்கும்படி ஏற வேண்டும். ஏறியதும் எழும்பி நிற்கக் கூடாது. உருண்டு உருண்டு விலக வேண்டும். ஏற முடியாவிட்டால் கைகளை ஐசின் மேல் நீட்டி அசையாமல் வைத்திருங்கள். சட்டைக்கை ஐசோடு உறைந்து ஒட்டினால் நினைவு தப்பினாலும் மூழ்காமல் இருக்கலாம். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் இருக்கிறது. கழுத்தில் தொங்கவிடும் ஐஸ் பிக் என்ற ஆணிப்பிடிகள் சில டொலர்தான், மிதவை அங்கியும் அதிக விலையில்லை. நம் பிள்ளைகள் சப்பாத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டும் வாங்கலாம்.

பார்த்துக்கொண்டிருப்பவர் ஓடிப்போய்க் கை கொடுக்கக் கூடாது. சொலிஹலில் இறந்த பத்து வயதுச் சிறுவன் மற்றவர்களைக் காப்பாற்றப் போனவன். கனடாவில் முதலில் அவசர எண் 911. பிறகு கரையில் நின்றபடி கயிறு, ஹொக்கி மட்டை, சால்வை, எதையாவது எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்தவரைத் தேய்க்கக் கூடாது, மது கொடுக்கக் கூடாது. ஈர உடுப்பைக் களைந்து போர்த்தி, கிடையாக, அலுங்காமல் வைத்திருக்க வேண்டும். மூச்சு இல்லாவிட்டாலும் உயிர்காப்பு முதலுதவியைக் கைவிடக் கூடாது. கடுங்குளிர் நீரில் நீண்ட நேரம் கிடந்தவர்களும் பிழைத்திருக்கிறார்கள்.

இனி உரிமைப் பக்கம். ஏரி ஐஸ் பாதுகாப்பானது என்று அரசாங்கம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் இட உரிமையாளர் பொறுப்புச் சட்டத்தின்படி, ஆபத்தைத் தெரிந்து விரும்பி ஏற்று நுழைபவருக்கு இட உரிமையாளர் செலுத்த வேண்டிய கடமை மிகக் குறைவு. அறிவித்தல் பலகையைத் தாண்டிப் போய் விழுந்தவர் பின்னர் நட்டஈடு கேட்பது கடினம். ஆனால் ஒரு கடமையைச் சட்டம் இறுக்கமாக வைத்திருக்கிறது. பொதுமக்கள் நடமாடும் ஐசில் துளையோ திறப்போ வெட்டுபவர், மற்றவர் விழாதபடி அதைக் காவல் செய்து எச்சரிக்கை அடையாளம் வைக்க வேண்டும் என்கிறது கனடியக் குற்றவியல் கோவையின் 263ஆம் பிரிவு. அதைச் செய்யாமல் ஆள் இறந்தால் அது ஆட்கொலைக் குற்றம். சிம்கோ ஏரியில் குடிசை அமைத்து மீன்பிடிக்கப் போகும் நம்மவர்கள் இதை இரு பக்கமாகவும் அறிந்திருக்க வேண்டும். விழுந்தால் கேட்கும் உரிமை உண்டு, வெட்டினால் காக்கும் கடமையும் உண்டு.

வேலைக்குப் போன இடத்தில் முதலாளி தடாக ஐசில் இறங்கிப் பனி வழிக்கச் சொன்னால்? மாணவர் என்றாலும், முகவர் மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளி என்றாலும், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோ தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தருகிறது. மறுத்ததற்காக வேலையை நிறுத்துவதோ மிரட்டுவதோ சட்டவிரோதம். "தடிப்பு அளக்கப்பட்டதா, எப்போது?" என்று கேட்பது வாய்க்கொழுப்பு அல்ல. விசா போய்விடும் என்ற பயத்தில் தலையாட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது ஊரிலுள்ள பெற்றோராலும் முடியும்.

நிலத்தில் ஐசில் வழுக்கி விழுபவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் காலக்கெடுவைத் தவறவிடுவதால் வழக்கை இழக்கிறார்கள். நகரசபை நடைபாதையில் விழுந்தால் 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடை, தொடர்மாடி போன்ற தனியார் இடமென்றால் 60 நாட்கள். வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடம். விழுந்த இடத்தையும் போட்டிருந்த சப்பாத்தையும் அன்றே படமெடுத்து, திகதி நேரத்தோடு வைத்திருங்கள். திடீர் மரணம் என்றால் ஒன்ராறியோவில் மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார், அவருடைய முடிவைக் கேட்டுப் பெறும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. உடலை ஊருக்குக் கொண்டுவருவதற்கு ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தையும் கொழும்பிலுள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவையும் அணுக வேண்டும்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சுப்பர் விசாவில் போகும் அம்மா அப்பாமாருக்கு ஒரு வருடத்துக்குச் செல்லும், குறைந்தது ஒரு இலட்சம் கனடிய டொலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அந்தப் பத்திரத்தின் பிரதி ஊரிலும் ஒருவர் கையில் இருக்க வேண்டும், இலக்கமும் அவசர அழைப்பு எண்ணும் அவர்களின் கைப்பையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்ராறியோவில் மாகாணச் சுகாதாரக் காப்புறுதி இல்லாதவருக்கு அம்புலன்ஸ் கட்டணமே 240 டொலர். அந்தக் கட்டணத்துக்குப் பயந்து அழைக்காமல் இருந்துவிட வேண்டாம். ஆங்கிலம் தெரியாது என்றும் தயங்க வேண்டாம். ரொறன்ரோவில் 911ஐ அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இணைக்கும்வரை தொலைபேசியை வைத்துவிடாமல், எந்த ஏரி, எந்த வீதி முனை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருங்கள்.