இயந்திரக் கண்ணும் பிரஜா உரிமையும்

வீதியில் செல்லும் ஒவ்வொருவரும் சந்திக்குச் சந்தி நின்று போலீஸாரிடம் தம் பெயரைச் சொல்லிப் போகவேண்டுமென்று ஒரு சர்க்கார் உத்தரவிட்டால் ஜனங்கள் பொறுப்பார்களா? ஒருகாலும் பொறுக்கமாட்டார்கள். அதே காரியத்தைக் கம்பத்தின் மேலுள்ள காமிரா கேள்வி கேளாமல் செய்கையில் நாம் அதைக் கவனிப்பதுமில்லை.

காமிராவிலிருந்து இடைவிடாமல் வரும் வீடியோ என்பது வினாடிக்கு 25 என்பதுபோன்ற கணக்கில் ஓடிவரும் தனித்தனிப் படங்களேயாகும். கம்ப்யூட்டர் அப்படங்களில் முகங்களைத் தேடியெடுத்து, ஒவ்வொரு முகத்தையும் ஓர் எண்வரிசையாக மாற்றி, போலீஸார் கொடுத்த ஜாபிதாவுடன் ஒப்பிடுகிறது. ஒற்றுமை குறித்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை செய்கிறது. 'இவன்தான் அவன்' என்று அது அறியாது. அவனாக இருக்கலாமென்று ஊகிக்கிறது. ஆயிரத்துக்கு ஒன்றே தவறுமென்று வைத்துக்கொண்டாலும், 50,000 பேர் கூடும் திருவிழாவில் நிரபராதிகள் 50 பேர் சந்தேகத்துக்கு ஆளாவர்.

2017 டிசம்பரில் வேல்ஸ் தேசத்துக் கார்டிப் நகரக் கடைவீதியில் போலீஸார் இத்தகைய யந்திரத்தை நிறுத்தினர். அது வினாடிக்கு 50 முகங்கள் வரை பார்க்க வல்லது. அவ்வழி சென்ற எட்வர்டு பிரிட்ஜஸ் என்பவர் வழக்குத் தொடுத்தார். 2019இல் தோற்றார், 2020 ஆகஸ்டு 11ஆம் தேதி அப்பீல் கோர்ட்டில் ஜயித்தார். யந்திரத்தையே கூடாதென்று கோர்ட்டார் சொல்லவில்லை. யாரை ஜாபிதாவில் சேர்ப்பது, எங்கே காமிராவை நிறுத்துவது என்பவை அளவுக்கு மீறிப் போலீஸாரின் இஷ்டத்துக்கு விடப்பட்டன என்றும், நிறத்தாலோ ஆண் பெண் என்பதாலோ யந்திரம் பாரபட்சம் செய்கிறதா என்று அவர்கள் தக்கபடி சோதிக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தனர்.

ஜாபிதா யாருடைய இஷ்டப்படி என்னும் கேள்வி தமிழருக்குப் புதிதன்று. 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், இன்ன ஜாதியில் பிறந்ததே பதிவேட்டில் ஏறப் போதுமான காரணமாயிற்று. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்த ஜனங்கள் போலீஸாரின் குண்டுக்குப் பலியாயினர். ரேகை கேட்டபோது கையை இழுத்துக்கொள்ளவாவது முடிந்தது. முகத்தை எங்கே ஒளிப்பது?

அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017இல் நமது சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்புச் செய்தனர். ஆயினும் 2023ஆம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய சர்க்கார் குறிப்பிடும் அரசாங்க ஸ்தாபனங்களுக்கு விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது.

திருடனைப் பிடிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. யார் முகம், எந்த இடம், எத்தனை நாள், தவறினால் என்ன பரிகாரம் என்பவற்றைச் சட்டம் வகுக்கட்டும், அதிகாரி வகுக்கலாகாது. தேசத்தொண்டர்கள் இந்நான்கு கேள்விகளையும் தத்தம் பிரதிநிதிகளிடம் கேட்பார்களாக.