சும்மா ஒரு கையெழுத்து!

ஞாயிற்றுக்கிழமை காலை. பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மாடியிலிருந்து வீட்டுக்காரர் குரல். ''தம்பி, ஒரு நிமிஷம் வர்றீங்களா? உயில் எழுதியிருக்கேன். சாட்சி போடணும். சும்மா ஒரு கையெழுத்து!''

தேதி பத்தாகியும் வாடகை கொடுக்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போகிறீர்கள். மாமி காபி கொடுக்கிறார். பெரியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கிறீர்கள். அவர் கண்ணெதிரே நீங்களும் போடுகிறீர்கள். கீழே இறங்கும்போதே மறந்தும் போகிறீர்கள்.

பன்னிரண்டு வருஷம் ஓடுகிறது. வேறு ஆபீஸ், வேறு வீடு, காதோரம் கொஞ்சம் நரை. ஒருநாள் போன் வருகிறது.

''சார், வக்கீல் பேசறேன். உங்க பழைய வீட்டு ஓனர் காலமாயிட்டார். நீங்க கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.''

''நானா? அந்தச் சொத்துக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?''

''ஒரு சம்பந்தமும் இல்லை. அதனாலதான் கூப்பிடறோம்!''

இப்படிப் போன் செய்து உங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கிறவர்தான் புரொபேட் வக்கீல். பாரிமுனையில், 1892-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் நடமாடுகிற கறுப்பு கோட்டுகளில் ஒருவர். மற்ற வக்கீல்களுக்குக் கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்து பேசுவார், பொய்யாவது சொல்வார். இவர் யாருடைய ஆசைக்காக வாதாடுகிறாரோ, அந்த மனிதர் உயிரோடு இல்லை. போட்டோவில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். 'இது நீங்க எழுதினதுதானா சார்?' என்று அவரைக் கேட்க முடியாது. அவருக்குப் பதிலாகப் பேசத்தான் உங்களைத் தேடுகிறார்கள்.

நம் கதையில் பெரியவருக்கு இரண்டு பையன்கள், ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பையன்கள் வெளியூர். கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டவள் பெண். வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டார். உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டரும் அவள்தான்.

அவள் உயிலோடு வந்தால் வக்கீல் முதலில் கேட்பது சட்டக் கேள்வி அல்ல. ''அண்ணனுங்க ஒத்துக்குவாங்களாம்மா?''

ஒத்துக்கொண்டால் கல்யாணச் சாப்பாடு மாதிரி சுலபம். இறப்புச் சான்றிதழ், ஒரிஜினல் உயில், சொத்துப் பட்டியல், சாட்சிகளில் ஒருவருடைய வாக்குமூலம், அண்ணன்களின் சம்மதப் பத்திரம் எல்லாம் சேர்த்து மனு போடலாம். கோர்ட் கடைசியில் கொடுப்பது என்ன தெரியுமோ? முத்திரை குத்திய உயில் நகல்! அதற்குப் பெயர்தான் புரொபேட். ஒரிஜினல் கோர்ட்டிலேயே பத்திரமாக இருக்கும். உயிலில் எக்ஸிகியூட்டர் பெயரே இல்லாவிட்டால் புரொபேட் கிடையாது. லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்று வேறு மனு.

இன்னொரு விஷயம். வீடு பெரியவருடையதுதானா என்று இந்த வழக்கில் கோர்ட் பார்க்காது. உயில் அவருடையதுதானா என்று மட்டுமே பார்க்கும்.

சரி, அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. 'அப்பாவுக்கு நினைவே இல்லாதப்போ கையெழுத்து வாங்கிட்டா' என்று கேவியட் போட்டுவிட்டார். மனு வழக்காக மாறும். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், கோர்ட் வராந்தா பெஞ்சின் இரண்டு முனையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் கூண்டேறுகிறவர்... நீங்கள்!

எதிர்க்கட்சி வக்கீல் ஆரம்பிப்பார். ''காபி குடிச்சீங்களா?''

''குடிச்சேன்.''

''பெரியவர் கையெழுத்துப் போடும்போதா, போட்டப்புறமா?''

காபியைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. அவர் கையெழுத்துப் போட்ட நேரத்தில் நீங்கள் அவர் கையைப் பார்த்தீர்களா, டம்ளரைப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போட்டதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அவர் எதிரிலேயே சாட்சியும் போட்டிருக்க வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கையெழுத்தைப் பார்த்தீர்களா? அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில்தான் அந்தப் பெண்ணின் வீடு நிற்கிறது.

கையெழுத்து நடுங்குகிறதா, லாபம் அடைகிறவரே முன்னால் நின்று உயிலைத் தயார் செய்தாரா, பெற்ற பிள்ளையைக் காரணமில்லாமல் விட்டுவிட்டாரா... இப்படி சந்தேகம் எதுவானாலும், உயிலைக் கொண்டுவந்தவர்தான் அதைத் தீர்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1959-லேயே சொல்லிவிட்டது.

இந்துக்கள் உயிலுக்குப் புரொபேட் கேட்கிற வழக்கம் 1870-ம் வருஷத்து இந்து உயில்கள் சட்டத்தில் வந்தது. பிறகு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213-ம் பிரிவாக உட்கார்ந்தது. வேடிக்கை என்னவென்றால், மதுரைக்காரர் மதுரையில் உட்கார்ந்து மதுரை வீட்டுக்கு உயில் எழுதினால் புரொபேட் வேண்டாம். அதிலேயே மயிலாப்பூர் வீட்டையும் சேர்த்துவிட்டால் வாரிசுகள் பாரிமுனைக்கு வந்தாக வேண்டியிருந்தது! சென்னை, மும்பை நகரங்களுக்கும் பழைய வங்காளப் பகுதிக்கும்தான் இந்தக் கெடுபிடி இருந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. 'அப்பாடா, வக்கீலுக்கு வேலை போச்சு' என்று சந்தோஷப்படாதீர்கள். போனது கட்டாயம்தான், சந்தேகம் போகவில்லை. வேண்டுமென்பவர்கள் இப்போதும் புரொபேட் கேட்கலாம். கேட்காமலே இருந்தாலும், தகராறு என்று வந்துவிட்டால் எந்தக் கோர்ட்டிலும் உயிலை நிரூபித்தே ஆக வேண்டும். அதற்குச் சாட்சி வர வேண்டும். ரிஜிஸ்டர் செய்த உயிலாக இருந்தாலும் இதே கதிதான். இத்தனைக்கும் உயிலை ரிஜிஸ்டர் செய்வது கட்டாயமில்லை. முத்திரைத்தாள்கூட வேண்டாம், வெள்ளைத்தாள் போதும்.

பெரியவர்கள் தங்கள் வயசு சிநேகிதர்களைச் சாட்சி போட வைப்பதுண்டு. உயில் கோர்ட்டுக்கு வரும்போது அந்தச் சிநேகிதரும் போய்ச் சேர்ந்திருப்பார். சாட்சிகள் ரெண்டு பேருமே இல்லையென்றால், எழுதியவர் கையெழுத்தையும் சாட்சி ஒருவருடைய கையெழுத்தையும் அடையாளம் காட்ட ஆள் தேடி வக்கீல் அலைய வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இளவட்டமாகப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். அதாவது உங்களை.

அதனால் அடுத்த தடவை மாடியிலிருந்து குரல் வந்தால் ஓடி ஒளியாதீர்கள். போங்கள். காபி டம்ளரை முதலில் கீழே வையுங்கள். பெரியவர் தெளிவாக இருக்கிறாரா என்று ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். அவர் போடுவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு உங்கள் கையெழுத்தைப் போட்டு, முழுப்பெயரும் விலாசமும் எழுதுங்கள். அன்று ராத்திரி டைரியில் நாலு வரி.

ஒருநாள் அவர் பேச முடியாமல் போகும்போது, அவர் பேச்சு உங்கள் வாயில்தான் இருக்கும்.

வாடகை பாக்கியை மட்டும் அதற்குள் கொடுத்துவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அதையும் கேட்பார்கள்!