எப்படித் தெரியும், சிஸ்டர்?

பிரசவ வார்டில் ஒரு நாள் இருந்தாலே புரிந்துவிடும். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவது சில நிமிஷங்கள்தான். மற்ற நேரமெல்லாம் தாயும் சேயும் நர்ஸின் கையில். குழந்தையைத் துடைப்பது, பால் புகட்டச் சொல்லித் தருவது, படுக்க வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இதையெல்லாம் 'இப்படித்தான் செய்யணும்' என்று அவருக்குச் சொன்னது யார்? சீனியர் சிஸ்டர். அவருக்கு? அவருக்கும் முன்னால் இருந்தவர். நம் வீட்டில் பாட்டி சொன்னது அம்மாவுக்கும், அம்மா சொன்னது நமக்கும் வருகிறதே, அதே மாதிரிதான்.

வழிவழியாக வந்ததெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் நல்லது எது, கெடுதல் எது என்று சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்? அப்படிச் சோதித்து அறிந்ததைக் கொண்டு நோயாளியைக் கவனிப்பதைத்தான் 'சான்று சார்ந்த செவிலியம்' என்கிறார்கள். பெயர் பெரிசாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், விஷயம் எளிதுதான்.

கணக்கு எழுதிய நர்ஸ்

கிரிமியப் போரின்போது, 1854-ல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் விளக்கோடு வார்டைச் சுற்றி வந்த அம்மையார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் கையில் கணக்கு நோட்டும் இருந்தது! 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தார்கள். சுகாதாரக் குழு ஒன்று வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகு, ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது. ஊர் திரும்பியதும் இந்தக் கணக்குகளை வண்ணப் படமாக வரைந்து அதிகாரிகள் முன் வைத்தார் நைட்டிங்கேல். காயத்தைவிட நோயால்தான் அதிக வீரர்கள் மடிந்தார்கள் என்பது பார்த்ததுமே புரிந்தது.

கஷாயமும் ஜலதோஷமும்

ஜலதோஷத்துக்குக் கஷாயம் போட்டுக் கொடுக்கிறோம். சில நாளில் சரியாகிவிடுகிறது. கஷாயத்தாலா? கொடுக்காமல் இருந்தாலும் சரியாகியிருக்குமே! எப்படிக் கண்டுபிடிப்பது? கஷாயம் குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் திடமானவர்களெல்லாம் ஒரு பக்கம், நோஞ்சான்களெல்லாம் மறு பக்கம் என்று சேர்ந்துவிடக் கூடாது. அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரிக்கிறார்கள். பிரிப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்குவது கட்டாயம்.

ஒரு ஆராய்ச்சியோடும் நின்றுவிடக் கூடாது. அதே கேள்வியைப் பற்றி வெவ்வேறு ஊர்களில் நடந்தவற்றை எல்லாம் திரட்டி, சேர்த்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோகக் கதை உண்டு.

குப்புறப் படுத்த குழந்தைகள்

1950-களின் நடுவிலிருந்து மேல்நாட்டுக் குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் பலவற்றில் ஒரு யோசனை இருந்தது: பச்சைக் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வையுங்கள். மல்லாந்து படுத்தால், கக்குகிற பால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று காரணமும் சொன்னார்கள். புகழ்பெற்ற டாக்டர் ஸ்பாக்கின் புத்தகமும் அப்படித்தான் சொன்னது. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? நர்ஸ்களும் நம்பினார்கள், தாய்மார்களும் நம்பினார்கள்.

ஆனால் நன்றாக இருந்த குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். அப்படி இறந்தவர்களையும் பிழைத்திருந்தவர்களையும் ஒப்பிட்டபோது, குப்புறப் படுப்பது ஆபத்து என்று தெரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் நியூஸிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளில் 'மல்லாத்திப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் செய்தார்கள். இந்த மாதிரித் திடீர்ச் சாவு அமெரிக்காவில் பாதிக்கும் கீழே குறைந்தது.

மனசை உறுத்துகிற விஷயம் இனிமேல்தான். 2005-ல் வெளியான ஒரு ஆய்வு, பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் தேடி எடுத்துக் கோத்துப் பார்த்தது. 1970-லேயே இந்த ஆபத்து தெரிந்திருக்கும் என்று அது காட்டியது. ஆங்காங்கே கிடந்த விவரத்தை அப்போதே யாராவது ஒன்று சேர்த்திருந்தால், பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்பது அந்த ஆய்வின் கணக்கு.

அம்மாவின் மார்புச் சூடு

சோதித்துப் பார்த்ததால் பிழைத்த குழந்தைகளும் உண்டு. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளுக்குப் போதுமான இன்குபேட்டர் இல்லை. டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு வழி செய்தார். குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் அணைத்து வைத்து, துணியால் கட்டிவிடச் சொன்னார். கங்காரு தன் குட்டியை வைத்துக்கொள்வது போல!

நல்ல யோசனைதான். ஆனால், உடல்நிலை இன்னும் தேறாத குழந்தையைப் பிறந்த உடனேயே இன்குபேட்டருக்கு வெளியே வைக்கலாமா? பல வருஷம் பெரும்பாலோருக்குத் துணிச்சல் வரவில்லை. 2017-லிருந்து இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்ஸானியா ஆகிய ஐந்து நாடுகளில் இதைச் சோதித்தார்கள். நம் நாட்டில் அது நடந்த இடம் டில்லி ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1.8 கிலோவுக்குக் குறைவான 3,211 குழந்தைகள். வழக்கமான முறையில் வளர்ந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7, உடனே அம்மாவின் மார்புக்கு வந்தவர்களில் 12. பலன் தெளிவாகத் தெரிந்ததும், சோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2021-ல் வெளிவந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் பிறந்த உடனேயே இதைத் தொடங்கச் சொன்னது. இதற்காகத் தாயின் கட்டிலையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட வேண்டியிருந்தது. அம்மாவையும் பிள்ளையையும் பிரிக்காமல் இரவும் பகலும் கவனித்தவர்கள் யார்? நர்ஸ்கள்தான்!

நாம் என்ன செய்யலாம்?

பிரசவத்துக்கு முன் எல்லோருக்கும் எனிமா, எல்லோருக்கும் ஷேவிங் என்ற வழக்கம் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. இரண்டையும் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது. ஆகவே கேட்கத் தயங்காதீர்கள். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம், மரியாதையாக, "சிஸ்டர், இது எதுக்காகச் செய்யறீங்க? இதனால என்ன நன்மை? செய்யாம விட்டா என்ன ஆகும்? வேற வழி இருக்கா?" என்று கேளுங்கள். ஆராய்ச்சி சொல்வது, நர்ஸின் அனுபவம், நோயாளியின் விருப்பம் மூன்றும் சேர்ந்ததுதான் நல்ல பராமரிப்பு. வாயைத் திறந்து சொன்னால்தானே நம் விருப்பம் அவருக்குத் தெரியும்?

வீட்டிலும் இதே கேள்வி உதவும். குழந்தையைத் தூங்க வைக்கும்போது மல்லாத்தி, தொய்வில்லாத சமமான படுக்கையில், தலையணையும் பொம்மையும் இல்லாமல் விடுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம், கழுத்து உறுதியாகும். யாராவது புதுசாக ஒரு வைத்தியம் சொன்னால், உடனே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். "எப்படித் தெரியும்?" என்று அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல நர்ஸ் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தினமும் தன்னைத் தானே அவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி அல்லவா அது!