1-ம் நம்பர் கூண்டு... 10-ம் நம்பர் கூண்டு... மீனவர் கிராமங்களில் குளிர்கால உஷார்! சின்ன நம்பரில்தான் பெரிய ஆபத்து

நாகப்பட்டினம்:

ஐப்பசி பிறந்தால் போதும். 'நாகை துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கை கூண்டு ஏற்றம்' என்ற செய்தி வந்து விடும். அடுத்த நாள் மார்க்கெட்டில் மீன் வரத்து குறையும். வஞ்சிரம் விலையை கேட்டு விட்டு வெறும் பையோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் அந்த 1-ம் நம்பருக்கு என்ன அர்த்தம்? 3-க்கும் 4-க்கும் என்ன வித்தியாசம்? கூண்டு ஏறியதும் மீனவர் கிராமங்களில் என்ன நடக்கிறது? தினமும் மீன் வாங்கி சாப்பிடும் பலருக்கே இது தெரியாது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

3 மாத கண்டம்

கிழக்கு கடற்கரை மீனவர்களுக்கு வருஷத்தில் 2 முறை வேலை முடங்கும்.

ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். அது மீன்கள் இனப்பெருக்கத்துக்காக அரசு விடும் தடை. விசைப்படகுகள் கடலுக்கு போகாது. என்றைக்கு தொடங்கி என்றைக்கு முடியும் என்று தெரிவதால் குடும்ப செலவை ஓரளவு திட்டம் போட்டு வைக்கலாம்.

இன்னொன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை காலம். இது இயற்கை போடும் தடை. இதற்கு தேதி கிடையாது. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். ராத்திரிக்குள் வாடைக்காற்று வீசி கடல் கொந்தளிக்கும். 4 நாள் போகலாம், 6 நாள் போக முடியாது. கட்டுமரம், பைபர் படகு, விசைப்படகு எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

கூண்டு எப்படி வந்தது?

வங்கக்கடலில் காற்றழுத்தம் உருவானால் வானிலை மையம் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தகவல் அனுப்பும். துறைமுகத்தில் உள்ள உயரமான கம்பத்தில் அதற்கான அடையாளத்தை ஏற்றுவார்கள்.

பகலில் கூம்பு, உருளை வடிவ கூண்டுகள். ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். செல்போன், ரேடியோ இல்லாத காலத்தில் கடலில் வரும் கப்பல்கள் தூரத்தில் இருந்தே பார்த்து தெரிந்து கொள்ள ஏற்படுத்திய முறை இது. இன்று வரை தொடர்கிறது.

மொத்தம் 11 நம்பர்

1-ம் எண்: தூரக்கடலில் காற்றழுத்த தாழ்வு மண்டலம் உருவாகி இருக்கிறது. அது புயலாக மாறலாம். துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பு இல்லை.

2-ம் எண்: தூரக்கடலில் புயல் உருவாகி விட்டது. துறைமுகத்தை விட்டு கிளம்பும் கப்பல்கள் ஜாக்கிரதை.

3-ம் எண்: துறைமுகத்திலேயே திடீர் காற்றும் மழையும் வரும்.

4-ம் எண்: துறைமுகத்தை புயல் தாக்கக்கூடும். ஆனால் ரொம்ப கடுமையான முன்னேற்பாடு செய்யும் அளவுக்கு ஆபத்து இன்னும் நெருங்கவில்லை.

5, 6, 7-ம் எண்கள்: ஆபத்து. புயலால் துறைமுகத்தில் கடுமையான வானிலை இருக்கும்.

8, 9, 10-ம் எண்கள்: பெரும் ஆபத்து. வருவது தீவிர புயல்.

11-ம் எண்: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்து விட்டது. நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரியே முடிவு செய்து ஏற்றுவது.

5-க்கும் 6-க்கும் என்ன வித்தியாசம்?

இங்கேதான் பலர் குழம்புவார்கள். 5-ஐ விட 6-ல் புயல் பெருசு என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. இந்த நம்பர்கள் புயல் துறைமுகத்துக்கு எந்த பக்கமாக போகும் என்பதை சொல்கின்றன.

புயல் போகும் பாதைக்கு இடது பக்கம் துறைமுகம் இருந்தால் 5. வலது பக்கம் இருந்தால் 6. துறைமுகத்தின் மீதோ, மிக அருகிலோ கடந்தால் 7. தீவிர புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10.

கடலுக்கு முதுகை காட்டி, ஊரை பார்த்து நில்லுங்கள். உங்கள் வலது கை பக்கம் வடக்கு. இடது கை பக்கம் தெற்கு. வங்கக்கடலில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர் திசையில் சுற்றும். அதனால் புயல் கரையை கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் காற்று கடலில் இருந்து கரையை நோக்கி அடிக்கும். கடல் தண்ணீரை ஊருக்குள் தள்ளும். தெற்கே இருக்கும் ஊர்களில் காற்று கரையில் இருந்து கடல் பக்கம் போகும். அங்கே தண்ணீர் உள்வாங்குவதும் உண்டு.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையை கடந்தது. நாகை அதற்கு வடக்கே, அதாவது வலது பக்கம் சிக்கியது. கடலோர கிராமங்களில் படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி நொறுங்கியதை இந்த பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை.

'1-ம் நம்பர்தானே...' என்று அலட்சியம் வேண்டாம்

கூண்டு நம்பர் சொல்வது எல்லாம் துறைமுகத்தின் நிலைமையை. கடலுக்குள் இருப்பவர்களின் நிலைமையை அல்ல.

1-ம் எண் ஏறும்போது கரையில் வெயில் அடிக்கலாம். பிள்ளைகள் கடற்கரையில் விளையாடலாம். ஆனால் அந்த தாழ்வு மண்டலம் இருப்பது எங்கே? தூரக்கடலில். நாள் கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுகள் இருப்பதும் அதே தூரக்கடலில்தான். கரைக்கு சின்ன நம்பராக இருப்பது, அங்கே இருக்கிறவர்களுக்கு தலைக்கு மேல் நிற்கும் ஆபத்து.

தாழ்வு மண்டலம் என்றாலே காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோ மீட்டர். ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால் 50 முதல் 61. புயல் என்ற பெயர் வருவது 62 கிலோ மீட்டரில் இருந்துதான். ஆனால் காற்று 45 கிலோ மீட்டரை தாண்டும் என்றாலே மீனவர்களுக்கு எச்சரிக்கை விடப்படும். அதாவது 'புயல்' என்ற வார்த்தை வரும் முன்பே பைபர் படகுக்கு கடல் தாங்காது.

அதனால் மீனவர்கள் பார்க்க வேண்டியது கூண்டு நம்பரை மட்டும் அல்ல. 'மீனவர்கள் கடலுக்கு செல்ல வேண்டாம், ஆழ்கடலில் இருப்பவர்கள் கரை திரும்பவும்' என்று மீன்வளத்துறை சொல்வதைத்தான். ராமேசுவரம் போன்ற இடங்களில் அந்த நாட்களில் விசைப்படகுகளுக்கு டோக்கனே கொடுப்பதில்லை.

ஒகி கொடுத்த அடி

இதற்கு சாட்சி, தமிழகத்தின் தென்கோடியில் குமரி மாவட்டத்தில் நடந்தது. 2017-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி இலங்கைக்கு தென்கிழக்கே தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாளே ஒகி புயலாக மாறி குமரிக்கடலை புரட்டிப்போட்டது.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி மீனவர்கள் அரபிக்கடலில் பல நாட்கள் தங்கி சுறா, சூரை பிடிப்பவர்கள். அவர்களில் பலர் முன்பே கிளம்பி ஆழ்கடலில் இருந்தனர். கரையில் எச்சரிக்கை விட்டாலும் அங்கே செல்போன் டவர் எட்டாது. படகில் உள்ள வயர்லெஸ் கருவியும் ஒரு தூரத்துக்கு மேல் பேசாது. செய்தி போய் சேரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வீடு திரும்பவே இல்லை.

அந்த அடிக்கு பிறகு செயற்கைக்கோள் மூலம் செய்தி அனுப்பும் கருவிகள் பற்றி பேச்சு வலுத்தது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியை நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளில் இலவசமாக பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு மாதம் தொடங்கப்பட்டது. இதில் கரையில் இருந்து படகுக்கு தகவல் அனுப்பலாம். ஆபத்து என்றால் படகில் இருந்தும் கரைக்கு சொல்லலாம்.

ஆனால் கருவியை மாட்டினால் மட்டும் போதாது. அதை ஆன் செய்து வைக்க வேண்டும். பேட்டரி போகிறது என்று அணைத்து வைத்தால், அது வெறும் பெட்டிதான்.

கிராமத்தில் என்ன நடக்கும்?

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் போன்ற நாகை மீனவர் கிராமங்களில் ஊர் பஞ்சாயத்து சொல்தான் சட்டம். எச்சரிக்கை வந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பஞ்சாயத்து 'போகக்கூடாது' என்று சொன்னால் யாரும் போக மாட்டார்கள். ஒரு படகு போனாலும், 'அவன் போறான், நாம போனா என்ன' என்று பத்து படகு பின்னாடி கிளம்பும் என்பது பெரியவர்களுக்கு தெரியும்.

அடுத்த வேலை கணக்கெடுப்பு. எத்தனை படகு கடலில் இருக்கிறது, யார் யார் போயிருக்கிறார்கள், யாரிடம் தொடர்பு கொள்ள முடிந்தது என்று பெயர் பெயராக பார்ப்பார்கள். பக்கத்து துறைமுகத்தில் ஒதுங்கிய படகுகள் பற்றியும் விசாரிப்பார்கள்.

பைபர் படகுகளை டிராக்டர் வைத்து மேடான இடத்துக்கு இழுத்து விடுவார்கள். இன்ஜினை கழற்றி வீட்டுக்கு கொண்டு போவார்கள். விசைப்படகுகளை கடுவையாற்றில் இடைவெளி விட்டு கட்டுவார்கள். நடுவில் பழைய டயர்களை தொங்க விடுவார்கள். நெருக்கி கட்டினால் காற்றில் ஒன்றை ஒன்று இடித்தே உடையும்.

கடலுக்கு போகாத நாட்களிலும் சும்மா இருக்க முடியாது. கிழிந்த வலையை சரி செய்வது, இன்ஜின் சர்வீஸ், பலகையில் விரிசல் அடைப்பது எல்லாம் இப்போதுதான் நடக்கும். பெண்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். விற்க மீன் இருக்காது. மழையில் கருவாடும் காயாது. ஈரப்பதத்தில் போட்ட கருவாடு புழுத்து போனால் போட்ட முதலும் போச்சு.

கையில் காசு வருமா?

இந்த காலத்தில் அடுப்பு எரிய 2 உதவிகள் இருக்கின்றன.

ஒன்று, மீன்பிடி குறைவு கால நிவாரணம். தமிழக அரசு மீனவர் குடும்பத்துக்கு ரூ.6 ஆயிரம் தருகிறது. ஏப்ரல் தடைக்காலத்துக்கு தரும் ரூ.8 ஆயிரம் வேறு, இது வேறு.

இரண்டு, சேமிப்பு நிவாரண திட்டம். மீனவர் தன் பங்காக ரூ.1,500 கட்ட வேண்டும். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து ரூ.3 ஆயிரம் போடும். மொத்தம் ரூ.4,500 ஆக திரும்ப கிடைக்கும். மீனவ பெண்களுக்கும் இதுபோல் சேமிப்பு திட்டம் உண்டு.

இங்கே ஒரு விஷயம். சேமிப்பு பணத்தை மழை வந்த பிறகு கட்ட முடியாது. கடலில் மீன் கிடைக்கும் மாதங்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாக கட்டி முடிக்க வேண்டும். அதற்கு மீனவர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் போன பிள்ளைகள், புதுசா தொழிலுக்கு வந்தவர்கள் பெயரை பதிவு செய்யாமல் விட்டு விடுவது உண்டு. வங்கி கணக்கு, ஆதார் எண்ணில் ஒரு எழுத்து தப்பு இருந்தாலும் பணம் வந்து சேராது.

விபத்து காப்பீடும் இருக்கிறது. பதிவு பெற்ற மீனவர் தொழிலின்போது இறந்தாலோ, முழுமையாக முடமானாலோ ரூ.5 லட்சம். பதிவு இல்லை என்றால் அந்த குடும்பத்துக்கு ஒன்றும் கேட்க வழி இருக்காது.

டிசம்பர் 26

கூண்டே ஏற்றாமல் வந்த பேரழிவு சுனாமி. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அன்றைக்கு வானத்தில் மேகம் கூட இல்லை.

சுனாமிக்கும் புயல் கூண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. கடலுக்கு அடியில் ஏற்பட்ட பூகம்பத்தால் வந்தது அது. அதற்கென்று தனியாக ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்டது.

ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நாகை மீனவர்கள் கடலுக்கு போவதில்லை. கடலில் பால் ஊற்றி, பூ தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

கடலுக்கு கிளம்பும் முன் எத்தனை பேர், எந்த பக்கம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிலும் சங்கத்திலும் சொல்லி விட வேண்டும். லைப் ஜாக்கெட்டை படகில் வைத்தால் போதாது, போட்டுக்கொள்ள வேண்டும். போனில் முழு சார்ஜ் இருக்க வேண்டும். டீசல், குடிதண்ணீர் கூடுதலாக வேண்டும்.

கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படை இலவச எண் 1554. கடலோர பாதுகாப்பு போலீஸ் எண் 1093. இந்த 2 எண்களையும் படகில் பெயிண்டால் எழுதி வைப்பது நல்லது. பதட்டத்தில் யாருக்கும் நம்பர் ஞாபகம் வராது.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 1-ம் எண் கூண்டு என்று செய்தி வந்ததும், கடலுக்குள் இருக்கும் அண்ணன், தம்பி, மாமன், மச்சானுக்கு உடனே போன் போட்டு சொல்லுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் விடாதீர்கள். சங்கத்துக்கும் மீன்வளத்துறைக்கும் தெரிவியுங்கள். நம்பர் ஏறும் வரை காத்திருந்தால், கரை திரும்ப அவர்களுக்கு நேரம் இருக்காது.