சர்க்கரை விலகினால் தேயிலை தெரியும்

டீக்கடையில் "வித்தவுட் ஒண்ணு" என்று கேட்பவரை மாஸ்டர் கண்டுகொள்வதில்லை. பக்கத்தில் நிற்பவர்தான் திரும்பிப் பார்ப்பார். "எப்பயிருந்து சுகர்?" என்று அக்கறையோடு விசாரிப்பார். சர்க்கரை இல்லாத டீ என்றால் நோயாளியின் டீ. டாக்டர் சொல்லிவிட்டாரே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பது. நம் ஊரில் இந்த எண்ணம் ஆழமாக வேரோடிவிட்டது. எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல் உண்டு. நல்ல தேயிலையின் ருசி பிடிபட்டவர்கள் யாரும் சொல்லாமலே சர்க்கரையைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இனிப்பின் மேல் உள்ள ஆசையால் மட்டும் நாம் இரண்டு, மூன்று ஸ்பூன் போட்டுக்கொள்வதில்லை. கிளாஸில் இருக்கும் டீ அந்த அளவுக்குக் கசக்கிறது.

ஏன் கசக்கிறது? வெந்நீர் பட்டதும் தேயிலையிலிருந்து முதலில் இறங்குவது மணமும் காஃபீனும் நல்ல நிறமும்தான். நேரம் ஆக ஆகத் துவர்ப்புப் பொருள்கள் மேலும் மேலும் இறங்குகின்றன. கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு போய்விடுகிறது. துவர்ப்பும் கசப்பும் மட்டும் தங்கிவிடுகின்றன. தூள் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் துவர்ப்பில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. நாம் டீயில் பால் சேர்ப்பதன் சூட்சுமமே அதுதான். பாலுக்கும் அடங்காத கசப்பை அடக்கத்தான் சர்க்கரை வருகிறது. அதே தூளில் மூன்றாவது முறை வெந்நீர் ஊற்றி இறக்கிய டிகாஷன் என்றால் ஒரு ஸ்பூன் போதாது.

டீ நம்மிடம் வந்து சேர்ந்த கதையிலும் இதற்கு விடை இருக்கிறது. 1903இல் பிரிட்டிஷ் அரசு தேயிலைக்குத் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் பிரசாரம் செய்ய ஏற்பாடு செய்தது. 1930களிலும் 40களிலும் ஊர் ஊராக இலவசமாக டீ கொடுத்தார்கள். ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள் மாட்டி, டீ போடும் முறையைப் படம் வரைந்து இந்திய மொழிகளில் எழுதிவைத்தார்கள். புதிய தண்ணீரைக் கொதிக்கவிடு, தேயிலை போட்ட பாத்திரத்தில் ஊற்று, மூடி வைத்துக் காத்திரு, பிறகு பாலும் சர்க்கரையும் சேர் என்று பாடம் நடத்தினார்கள். கடைக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. இலை விலை அதிகம். கொஞ்சம் தேயிலையை நிறையக் கொதிக்கவைத்து, மிச்சத்தைப் பாலாலும் சர்க்கரையாலும் நிரப்பினார்கள். காலையில் பட்டினியாக வேலைக்குப் போகிறவருக்கு அந்த இனிப்பு ஒரு வேளை ஆகாரமாகவும் இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு சி.டி.சி. வந்தது. 1930களில் அஸ்ஸாமில் உருவான இந்த எந்திர முறை, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறது. நிறம் உடனே இறங்கும், ஒரு கிலோவில் நிறைய கிளாஸ் டீ கிடைக்கும். அதிலும் பொடியான டஸ்ட் தான் தமிழ்நாட்டுக் கடைகளை ஆள்கிறது. அது மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன். நல்ல டஸ்டில் நல்ல டீ வரும். ஆனால் அது நமக்குக் கற்றுக்கொடுத்தது திக்கான நிறத்தையும் ஸ்ட்ராங்கையும்தான். மணத்தைத் தேடக் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த மணம் தொலைதூரத்தில் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. குன்னூர், கோத்தகிரி மலைகளில் இலை உருக்குலையாமல் சுருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை இருக்கிறது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றது. டிசம்பர், ஜனவரிப் பனியில் கொழுந்து மெதுவாக வளரும். அப்போது பறித்துச் செய்த தேயிலையில் பூவின் வாசனை தூக்கலாக இருக்கும். பால் சேர்க்காமல் மூன்று நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால், பளிச்சென்ற செம்பொன் நிறத்தில், நாக்கை லேசாகச் சுண்டும் துவர்ப்போடு நிற்கும். ஏலத்துக்கு முன் தேயிலையின் தரம் பார்க்கிறவர்கள் சர்க்கரை சேர்ப்பதில்லை. சேர்த்தால் குறை நிறை தெரியாது. அவர்கள் சத்தமாக உறிஞ்சுவதும் அதற்காகத்தான், காற்றோடு கலந்தால் மணம் மூக்குக்கு ஏறும். நல்ல ஆர்த்தடாக்ஸ் பெரும்பாலும் கப்பலேறிவிடுகிறது. இங்கே சிறு விவசாயிகள் பசுந்தேயிலைக்கு உரிய விலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். ருசி பார்த்து வாங்குகிற உள்ளூர்க்காரர்கள் பெருகினால், இரண்டு இலை ஒரு மொட்டு என்று கவனமாகப் பறிப்பவருக்கு ஒரு காரணம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டில் செய்துபார்க்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு கப் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். இரண்டு கிராம் இலை, அதாவது ஒரு ஸ்பூன், போட்டு மூடுங்கள். மூன்று அல்லது நான்கு நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். பால் வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்சிச் சேர்க்கலாம். 100 மில்லி பாலில் நான்கைந்து கிராம் லாக்டோஸ் இருக்கிறது, அதன் மெல்லிய இனிப்பை நாம் கவனித்ததே இல்லை. ஆற்றிக் குடியுங்கள். நாக்கு சுடும் சூட்டில் எந்த ருசியும் தெரியாது. பச்சைத் தேயிலை என்றால் கொதிநீர் கூடவே கூடாது. 80 டிகிரி அளவுக்கு ஆறிய நீரில் இரண்டு நிமிடம் போதும். "கிரீன் டீ கசக்குது" என்று தேனை ஊற்றுகிறவர்களில் பலர் அதை வேகவைத்துவிட்டவர்கள். கோடையில் இன்னொரு வழி உண்டு: இலையைக் குளிர்ந்த நீரில் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து வடிகட்டுங்கள். குளிர்நீரில் கசப்பு குறைவாகவே இறங்கும். நீலகிரித் தேயிலை குளிர்ந்தாலும் எளிதில் கலங்காது.

வாசனைப் பொருள்களும் கைகொடுக்கும். ஏலக்காய், பட்டை, சோம்பு இவற்றின் மணத்தை நாம் பாயசத்தோடும் இனிப்புகளோடும் சேர்த்தே அனுபவித்துப் பழகியிருக்கிறோம். அந்த மணம் வந்தால் நாக்கு இல்லாத இனிப்பையும் உணர்கிறது. அதிமதுரம் உண்மையாகவே இனிக்கும். ஆனால் தினமும் அதிகம் சேர்த்தால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் அளவு தேவை.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்று வைத்தால் 40 கிராம். மாதம் 1.2 கிலோ, டீயில் மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வழிகாட்டுதல்படி, சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் இருக்கவேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது. வாசலில் நிற்பவர்களுக்குத்தான் இந்த 40 கிராம் மிக முக்கியம்.

"நாங்க வெல்லம்தான் போடுறோம்" என்பார்கள். நாட்டுச்சர்க்கரை டீ, கருப்பட்டிக் காபி என்று பலகை மாட்டிய கடைகளில் கூட்டம் நிற்கிறது. கருப்பட்டியின் ருசி தனி, எனக்கும் பிடிக்கும். ஆனால் ருசிக்காகக் குடியுங்கள், மருந்தென்று நினைத்து மூன்று ஸ்பூன் போடாதீர்கள். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் உடலுக்குள் போனால் சர்க்கரைதான். மாற்று இனிப்பூட்டிகளும் எடையைக் குறைக்கும் வழியல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறிவிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும். என் குறை வேறு. சர்க்கரைக்குப் பதில் இனிப்பூட்டி மாத்திரை போட்டாலும் நாக்கு அதே இனிப்பிலேயே நின்றுவிடுகிறது.

நாக்கு பழகும். லண்டன், லீட்ஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் சர்க்கரை போட்டு டீ குடிக்கும் 64 ஆண்களை வைத்து ஒரு மாதம் சோதித்தார்கள். சிறிது சிறிதாகக் குறைத்தவர்களில் 42 சதவீதம் பேரும், ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 36 சதவீதம் பேரும் முடிவில் சர்க்கரையை விட்டிருந்தார்கள். டீயின் மேல் அவர்களுக்கு இருந்த விருப்பம் குறையவில்லை. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் மனதுக்குத் தெம்பு தருகிறது. முடிந்தவர் உடனே நிறுத்தலாம், முடியாதவர் வாரத்துக்குக் கால் ஸ்பூனாக இறங்கலாம்.

முற்றிலும் விட மனமில்லாதவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அங்கே வெறும் தேத்தண்ணியில் எதையும் கரைக்காமல், பனையோலைக் குட்டானில் வார்த்த பனங்கட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்பவர்களும் இலங்கையில் உண்டு. கப் முழுக்கக் கரைந்தால் காணாமல் போகும் இனிப்பு, நாக்கில் நேரே பட்டால் கொஞ்சத்திலேயே நிறைவு தருகிறது. தேநீர் தேநீராகவே இருக்கிறது. நம் வீடுகளிலும் இது வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தமிழ்நாட்டுக் கடைகளில் நமக்கு ஒரு வசதி உண்டு. சர்க்கரையைக் கிளாஸில்தான் போடுகிறார்கள், பாலோடு சேர்த்துக் கொதிக்கவைப்பதில்லை. "சர்க்கரை கம்மி" என்று சொன்னால் போதும். அந்த உரிமை பறிபோவது அலுவலகத்தில்தான். எந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் வரும் பிரிமிக்ஸ் டீயில் பெரும்பாலும் சர்க்கரை முன்பே கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள், பட்டியலில் அதன் பெயர் பெரும்பாலும் முதலில் நிற்கும். கூட்டங்களுக்கு வரும் பிளாஸ்க் டீயும் அப்படித்தான். வீட்டிலோ சிக்கல் வேறு. விருந்தாளிக்கு இனிப்புக் குறைவாகக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, கேட்காமலே கலந்து கொண்டுவருகிறோம். சர்க்கரை டப்பாவையும் ஒரு சின்ன ஸ்பூனையும் தட்டிலேயே வைத்துக் கொண்டுவந்தால் யாருக்கும் மனக்குறை வராது. அலுவலகக் கூட்டத்துக்கு டீ சொல்லும்போதும், "அண்ணே, பிளாஸ்க்ல சர்க்கரை போடாதீங்க, தனியா ஒரு கவர்ல கட்டிக் குடுத்துருங்க" என்று சொல்லலாம். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.