பெயர்த்தகடு தேய்ந்த மோட்டாரின் திறனை அறிவது எப்படி?

பழைய மோட்டாரை விலைக்கு வாங்கும்போது பெயர்த்தகட்டில் பாதி எழுத்து தேய்ந்தோ, பெயிண்டில் மறைந்தோ இருப்பது வழக்கம். விற்பவர் "5 குதிரைத்திறன்" என்று சொல்வதை நம்பி ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயை 7.5 ஆம்பியரில் வைக்கிறார்கள். அது உண்மையில் 5 ஆம்பியர் மட்டுமே தாங்கும் 3 குதிரைத்திறன் மோட்டாராக இருந்தால், காயில் கருகும் வரை ரிலே துண்டிக்காது. திறன் கூடுதலாக இருந்தாலோ, இணைப்புக்கு அனுமதித்த அளவை மீறியதாகிவிடும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தகட்டை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கவும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் பொறித்த எண்கள் ஓரளவு தெரியும். '7.5' என்ற எண் மட்டும் தெரிந்தால் அவசரப்படக் கூடாது. அது கிலோவாட் என்றால் மோட்டார் 10 குதிரைத்திறன். குதிரைத்திறன் என்றால் 5.5 கிலோவாட், ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 5 குதிரைத்திறன். பக்கத்தில் உள்ள எழுத்தைக் கண்டுபிடித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். கிலோவாட் தெரிந்தால் 0.746 ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். 3.7 கிலோவாட் என்பது 5 குதிரைத்திறன்.

ஆம்பியர் மட்டும் தெரிந்த மும்முனை மோட்டாருக்கும் கணக்கு உண்டு. 1.732, 415 வோல்ட், 7.5 ஆம்பியர் மூன்றையும் பெருக்கினால் சுமார் 5,390 வரும். இது முழுவதும் வேலையாக மாறுவதில்லை. பவர் பேக்டர் 0.82, திறமை விகிதம் 0.84 என்று கொண்டு இவற்றாலும் பெருக்கினால் சுமார் 3,710 வாட், அதாவது 5 குதிரைத்திறன். சுருக்கமாக, குதிரைத்திறன் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர். ஒருமுனை மோட்டாருக்கு இக்கணக்கு பொருந்தாது.

தகடே இல்லையா? கால் வைத்த மோட்டாரானால், தரையிலிருந்து ஷாப்டின் மையம் வரை அளக்கலாம். 1440 சுற்று மோட்டாரில் இது 112 மில்லிமீட்டர், ஷாப்ட் கனம் 28 என்றால் பெரும்பாலும் 5 குதிரைத்திறன். 132, 38 என்றால் ஏழரை அல்லது 10. காயில் மாற்றிக் கட்டினாலும் இந்த அளவு மாறாது. மெட்ரிக் அளவுக்கு முந்திய மிகப் பழைய மோட்டார்களுக்கும், மோனோபிளாக், நீர்மூழ்கி மோட்டார்களுக்கும் இதை நம்ப முடியாது. அவற்றைக் காயில் கட்டுபவரிடம் காட்டுவதே சரி.

டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது பம்பு இழுக்கும் கரண்ட். மோட்டார் தாங்கும் கரண்ட் அல்ல. பம்பு பெரிதானால் சிறிய மோட்டாரும் 8 ஆம்பியர் காட்டும், கருகுவதற்கு முன்பு!

திறன் தெரிந்ததும் ரிலேயைச் சரிசெய்யலாம். நேரடி ஸ்டார்ட்டரில் முழு ஆம்பியர் அளவிலேயே வைக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்களில் ரிலே வழியே 58 சதவீதக் கரண்ட்தான் செல்கிறது. எனவே 15 ஆம்பியர் எடுக்கும் 10 குதிரைத்திறன் மோட்டாருக்கு 8.7 ஆம்பியரில் வைக்க வேண்டும். 15 இல் அல்ல.