வில்லின் மணியோசை

திருவட்டாறு என்றதும் ஆதிகேசவப் பெருமாள் கோவில் திருவிழாவில் நடைபெறும் கதகளி பலர் நினைவுக்கு வரும். ஆயினும், எந்தச் சபாவையும் அண்டாமல் குமரி மாவட்டத்துச் சிற்றூர்களில் தழைத்த இசை வில்லுப்பாட்டே ஆகும்.

மணிகள் தொங்கும் நீண்ட வில்லைக் குடத்தோடு பிணைத்து, அண்ணாவியார் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். உடுக்கையும் ஜாலராவும் கட்டையும் இணைந்து ஒலிக்க, பக்கத்தில் அமர்ந்தோர் பின்பாட்டுப் பாடுவர். கொடைவிழா இரவுகளில் கதை விடியும்வரை நீள்வதுண்டு.

ஆண்களே பெரும்பாலும் தலைமை தாங்கிய இக்கலையில், கொட்டாரத்தை அடுத்த சரவணந்தேரியைச் சேர்ந்த பூங்கனி அம்மாள் சிறுவயதிலேயே வில்லின்முன் அமர்ந்தார். ஊர் ஊராகச் சென்று பாடிப் பெரும்புகழ் பெற்றார். ஆனால் முதுமையில் அவருக்குத் துணையாய் நின்றது வறுமையே. 2018 நவம்பரில் அவர் மறைந்தார். நெல்லைச் சீமையின் வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானபோது, அவருக்கு வயது தொண்ணூறைக் கடந்திருந்தது. மறு ஆண்டே அவரும் மறைந்தார்.

மறைந்தபின் புகழ்வது எளிது. வாழும்போது தேடிச் செல்வதே கடமை. நம் பங்குத் திருவிழாவில் மெல்லிசைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை வில்லிசைக் குழுவுக்கு அளித்தால் என்ன? பெற்றோரே, அவ்விரவு பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள். கேட்கும் செவி இருந்தால்தான் பாடும் நா நிலைக்கும்.